ஜிப்சம் போர்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தால் போர்டு தூக்குவதோடு நின்றுவிடாதீர்கள். முதலில் ஸ்க்ரூ அடிக்கும் பக்குவம். 12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ, தலை லேசாக உள்ளே இறங்க வேண்டும், மேல் காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் பிடிப்பு போச்சு, பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஜாயின்ட் வேலை, அதாவது இரண்டு போர்டு சேரும் இடத்தை மூடிச் சமப்படுத்துவது. பலரும் பொறுமையில்லாமல் ஒதுங்குவது இதில்தான்; அதனாலேயே சுத்தமாக முடிக்கிற ஆளுக்கு மதிப்பு. பேப்பர் டேப்பை ஈரக் காம்பவுண்டின் (ஜாயின்ட்டில் பூசும் பசை போன்ற கலவை) மேல் பதியுங்கள். ஒரு கோட் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததை, இன்னும் அகலமாக இழுங்கள். கடைசியில் டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்து அடித்தால் மேடு பள்ளமெல்லாம் தெரிந்துவிடும், பெயின்டர் வந்து சொல்வதற்கு முன்பே. காய்ந்த காம்பவுண்டைத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், மேஸ்திரி போடாவிட்டாலும்.