விமானப் படைத் தேர்வு: முதலில் திசைகாட்டியைப் பாருங்கள்

அமெரிக்க விமானப் படையின் அதிகாரித் தகுதித் தேர்வில் கருவிகளைப் புரிந்துகொள்ளும் பகுதியில், திசைகாட்டியும் செயற்கை அடிவானமும் (விமானத்தின் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் காட்டும் கருவி) காட்டும் நிலைக்குப் பொருந்தும் விமானப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பயிற்சி செய்பவர்கள், ஒவ்வொரு கேள்வியிலும் செயற்கை அடிவானத்துக்கு முன்பே திசைகாட்டியைப் பார்த்துப் பொருந்தாத விமானப் படங்களை நீக்கிவிடுவது நல்லது. பார்ப்பவர் எப்போதும் வடக்கு நோக்கியே நிற்பதாக இத்தேர்வு கொள்வதால், வடக்கே செல்லும் விமானத்தின் வால் நமக்குத் தெரியும். தெற்கே செல்வது மூக்கைக் காட்டும். கிழக்கே செல்வதன் மூக்கு வலப்பக்கம் இருக்கும். 25 கேள்விகளுக்கு 5 நிமிடங்களே, அதாவது ஒரு கேள்விக்கு 12 விநாடிகளே கிடைப்பதால், ஒரே பார்வையில் சில படங்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றில் மட்டும் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் ஒப்பிடுவது நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்துகிறது. சாய்வில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: விமானம் வலப்புறம் சாய்ந்தால் செயற்கை அடிவானத்திலுள்ள அடிவானக் கோடு இடப்புறம் சாய்ந்து தெரியும்.

எல்லாப் படங்களும் ஒரே திசையை நோக்கியிருந்தால் இம்முறை உதவாது. அப்போது சாய்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்நாட்டுத் தரைப்படையின் விமானிகள் தேர்வில் கருவிகளுக்குப் பதிலாக விமானி அறையிலிருந்து தெரியும் காட்சியே தரப்படுவதால், அங்கும் இது பொருந்தாது.