ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்களில் கிருமி கேரியரை (நோயில்லாமலே கிருமியைச் சுமப்பவரை) கண்டுபிடித்துச் சிகிச்சை தருவது எப்படி?

ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில், காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும். அதனால் ஒரு காயம் சீழ் பிடித்ததும் தியேட்டரில் எல்லோருக்கும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுப்பது வீண்வேலை. பலருக்கும் பாசிட்டிவ் வரும். யாரிடமிருந்து பரவியது என்பது மட்டும் தெரியாது. குறுகிய காலத்தில் பல நோயாளிகளுக்கு ஒரே கிருமி வந்தால் தேடுங்கள். குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மட்டும் விதிவிலக்கு. ஆபரேஷன் காயத்தில் ஒருமுறை தலைகாட்டினாலே விசாரணையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் வேலை, நோயாளிகளிடம் வளர்த்த கிருமியை எறியாமல் பாதுகாக்கும்படி லேபுக்குச் சொல்வது. அது போய்விட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. அடுத்து, அந்த ஆபரேஷன்களில் இருந்த சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரையும் பட்டியலிடுங்கள். ஸ்வாப் முடிவு சம்பந்தப்பட்டவருக்கும் தொற்றுத் தடுப்புக் குழுவுக்கும் மட்டுமே தெரிய வேண்டும். பெயர் வெளியே போனால் அடுத்தமுறை யாரும் கைப்புண்ணைக் காட்டமாட்டார்கள்.

ஸ்வாபை வேலை தொடங்கும் முன் எடுங்கள். வேலை முடிந்து எடுத்தால் அன்று நோயாளியிடமிருந்து ஒட்டியதும் சேர்ந்து வரும். ஸ்டெரைல் சலைனில் நனைத்து, ஒரே ஸ்வாபை இரு நாசியின் முன்பகுதியிலும் சுழற்றுங்கள். தொண்டை, எக்சிமா, நகச்சுற்று எதையும் விடாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் ஆசனவாய், பெண்களுக்குப் பிறப்புறுப்பு ஸ்வாபும் தேவை. எந்தெந்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி அடங்காது என்ற மருந்து எதிர்ப்புப் பட்டியல் ஒத்துப்போவது போதாது; மரபணு வகைப்பாட்டிலும் நோயாளியின் கிருமியோடு பொருந்த வேண்டும்.

பொருந்தியவர் சரியாகும்வரை தியேட்டருக்கு வெளியே இருக்கட்டும். ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு 2% முபிரோசின் மூக்குக் களிம்பை, தீக்குச்சித் தலையளவு, ஒவ்வொரு நாசியிலும் தினம் இருமுறை 5 நாள் தடவ வேண்டும். தடவியதும் மூக்கை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தோலுக்கான களிம்பு இதற்கு ஆகாது. அதன் பாலிஎத்திலீன் கிளைகால் மூக்கின் உள்சவ்வை எரிச்சலூட்டும். அதே 5 நாளும் 4% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) குளியல். உடம்பை நனைத்து, தண்ணீரை நிறுத்திவிட்டு, அக்குள், தொடையிடுக்கு, தொப்புள் என்று பூசி, ஒரு நிமிடமாவது விட்டுக் கழுவுங்கள். கண்ணிலும் காதிலும் படக்கூடாது. மேலே சாதாரண சோப்பு போட்டால் மருந்தின் வேலை கெடும். துண்டு, தலையணை உறை, படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றுங்கள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இந்தக் களிம்பு போதாது. கிருமி இருக்கும் இடத்தைப் பொறுத்து ஆன்டிபயாடிக் மாறும். ஆசனவாயில் இருந்தால் பென்சிலின் மட்டும் தோற்கக்கூடும்.

சிகிச்சை முடிந்து சில நாள் கழித்து மறுபடி ஸ்வாப் எடுத்து, லேபில் கிருமி வளர்கிறதா என்று (கல்ச்சர்) பாருங்கள். பிறகு வாரம் ஒன்றாக, மொத்தம் மூன்று நெகட்டிவ் வரட்டும். மீண்டும் பாசிட்டிவ் வந்தால் களிம்பையே திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். முபிரோசின் எதிர்ப்புத்தான் வளரும். தொண்டையையும், ஆறாத எக்சிமாவையும், செயற்கை நகத்தையும், வீட்டில் உள்ளவர்களையும் பாருங்கள்.