டி அண்ட் டி எடுத்த பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் உயர்நிலை 1, 2 மாணவர்கள் எல்லாருக்கும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் உண்டு. யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி அண்ட் டி என்றால்தான் புரியும். உயர்நிலை 3-இல் அது விருப்பப் பாடமாகிறது, வீட்டில் வாக்குவாதமும் அங்கேதான் தொடங்குகிறது. "மரவேலை செய்யவா பள்ளிக்கு அனுப்புறோம்?" என்பார் அப்பா. பிள்ளையோ, புத்தகத்தைத் தொட வேண்டாம், கையால் செய்தால் போதும் என்ற நம்பிக்கையில் பாரத்தில் டிக் அடித்திருக்கும். இரண்டு கணக்கும் தப்பு.

எழுத்துத் தேர்வு இருக்கிறது. நெம்புகோல், பல்சக்கரம், மின்சுற்று, எந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்துவது, எல்லாம் படித்துத்தான் ஆக வேண்டும். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் செய்முறைத் திட்டத்துக்குப் போகிறது. அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. இதைக் கணக்கில் கொள்ளாமல் இதோடு இன்னொரு செய்முறைப் பாடத்தையும் எடுத்தவர்கள் தேர்வு ஆண்டில் தூக்கம் கெட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் கவலை மேற்படிப்பைப் பற்றியது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பல பொறியியல் படிப்புகளுக்கு இது தொடர்புடைய பாடமாகவே கணக்கில் வரும். 2028 முதல் தொடக்கக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு ஐந்து பாடங்களின் புள்ளிகள்தான் கணக்கு; அதில் ஐந்தாவது பாடமாக இதை வைக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு படிப்பு மனத்தில் இருந்தால், அதன் சேர்க்கை விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதை நம்பி வேண்டாம்.

சரி, எடுத்தாயிற்று. இனிதான் பெரிய தவறு.

என் அக்கா மகன் திட்டம் தொடங்கிய முதல் வாரத்திலேயே, "மாமா, போன் ஸ்டாண்ட் செய்யப் போறேன்" என்று வந்து நின்றான். யாருக்கு என்று கேட்டேன். "எல்லாருக்கும்" என்றான். எல்லாருக்கும் என்றால் ஒருத்தருக்கும் இல்லை என்று அர்த்தம். பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற பிரச்சினையைப் பின்னால் தேடுவது; இந்தப் பாடத்தில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அவனைப் பாட்டியோடு ஒரு நாள் உட்காரச் சொன்னேன். பாட்டிக்கு விரல் மூட்டில் வலி. மாத்திரைப் பட்டையைப் பிதுக்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டுகிறார், பாதி மாத்திரை தரையில் ஓடுகிறது. எதையும் கட்டைவிரலைக் கொண்டு அழுத்தாமல் உள்ளங்கையால் அழுத்துகிறார் என்பதைப் பையனே கவனித்துச் சொன்னான். அந்த ஒரு கவனிப்பிலிருந்து, உள்ளங்கையால் அமுக்கும் நெம்புகோல் ஒன்று பிறந்தது. போன் ஸ்டாண்டிலிருந்து அது வந்திருக்காது.

அடுத்தது ஜர்னல், அதாவது திட்டத்தில் யோசித்ததையும் செய்து பார்த்ததையும் பதிவு செய்யும் ஏடு. பொருளைச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து, இப்படித்தான் யோசித்தேன் என்று அழகழகாகப் படம் வரைந்து நிழல் தீட்டுவார்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும்: ஐந்து யோசனைகளில் நான்கு சும்மா ஒப்புக்கு வரைந்தவை, ஐந்தாவது மட்டும் கச்சிதம். அட்டையில் ஒட்டிப் பார்த்தது, சரிந்து விழுந்தது, அதனால் அடிப்பாகத்தை 2 சென்டிமீட்டர் அகலமாக்கியது, இதெல்லாம் அன்றன்றைக்குக் கிறுக்கலாகப் பதிவாகியிருந்தால்தான் மதிப்பு. விழுந்ததைப் போட்டோ எடுக்காமல் குப்பையில் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பட்டறையில் நேரத்தைத் தின்பது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு. 3 மில்லிமீட்டர் தகட்டை ஹீட்டரின் சூட்டுக் கம்பிமேல் வைத்து, அது இளகும்வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு மடக்கினால் மடிப்பில் மயிரிழை விரிசல் விழும். மறந்துபோய் அதிக நேரம் விட்டால் உள்ளே குமிழி குமிழியாகக் கிளம்பும். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் சூடாக்குகிறவர்களும் உண்டு. துளை போடுவதாக இருந்தால் தகடு தட்டையாக இருக்கும்போதே போட வேண்டும், அடியில் ஒரு வீண் மரத்துண்டை வைத்து இறுக்கிப் பிடித்தபடி. மடித்த பிறகு போடப் போனால் பிடிக்க இடம் இருக்காது, துளைக்கருவி வெளியேறும் பக்கம் சில்லு பெயரும். மடிப்புக் கோட்டை ஒட்டியும் துளை வேண்டாம், சூட்டில் அது முட்டை வடிவாகிவிடும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்ததிலிருந்து இன்னொரு சோம்பல் வந்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் அச்சிட்டுவிடலாம் என்கிறார்கள். நேராக வெட்டி ஒட்டினால் அரை மணியில் முடியும் பெட்டிக்கு இயந்திரத்தை ஒரு நாள் முழுக்க ஓட்டுவானேன்? பை மாட்டும் கொக்கி ஒன்றை நிற்க வைத்து அச்சிட்டாள் ஒரு மாணவி. பையை மாட்டியதும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பட்டென்று முறிந்தது. படுக்க வைத்து அச்சிட்டதும் அதே கொக்கி தாங்கியது. அச்சு அடுக்கடுக்காக எழும்புகிறது, அந்த ஒட்டுகளைப் பிரிக்கும் திசையில் பாரம் இழுத்தால் முறியத்தான் செய்யும்.

பெற்றோருக்கு ஒன்று. மகனுக்காக அப்பா அறுத்துக் கொடுப்பதும், தெரிந்த கடையில் செய்து வாங்கிக் கொடுப்பதும் உதவி இல்லை. இது பிள்ளையின் சொந்த வேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் சிக்கல் அவனுக்குத்தான். நீங்கள் செய்யக்கூடியது வேறு: பொருளை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, உள்ளதைச் சொல்லுங்கள். எங்கள் பாட்டி அந்த நெம்புகோலை ஒரு தடவை அமுக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா மேசையில வழுக்குதே" என்றார். பையன் முகம் சுருங்கிப் போனது. மறுநாள் அடியில் நாலு ரப்பர் வில்லைகள் ஒட்டி, ஒட்டியதற்கான காரணத்தையும் ஜர்னலில் எழுதியிருந்தான்.