இங்கிலாந்தின் ஐஸ் ஹாக்கி அணியான நாட்டிங்ஹாம் பாந்தர்ஸ் கிளப்பின் வரலாற்றைத் தமிழில் எழுதுவது எப்படி?

அதைப் படிக்கப்போகும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஹாக்கி என்றாலே தரையில் 11 பேர் ஆடுவதுதான். அதனால் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு சேர்த்துக் களத்தில் 6 பேர், 20 நிமிடமாக மூன்று பகுதிகள், பந்துக்குப் பதில் 2.5 செ.மீ. தடிமனில் ரப்பர் வட்டு.

அடுத்து, முழுத்தாளில் காலக்கோடு போடுங்கள். 1939இல் நாட்டிங்ஹாமில் பனி அரங்கம் திறந்தது; போர் குறுக்கிட்டதால் அணியின் முதல் ஆட்டம் 1946இல்தான். 2017இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான காண்டினென்டல் கோப்பையை வென்றது. ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் பிரிட்டன் அணி இதுவே.

பலர் தடுமாறுவது நடுவில். ‘1946 முதல் தொடர்ந்து ஆடுகிறது’ என்று எழுதினால் தவறு. 1960இல் அணி ஆடிவந்த பிரிட்டிஷ் நேஷனல் லீக்கே மூடப்பட, அணியும் கலைந்தது. 1980இல் ஷெஃபீல்டு அணியொன்று நாட்டிங்ஹாமுக்கு இடம்பெயர்ந்துதான் பாந்தர்ஸ் பெயர் மீண்டது. அந்த 20 ஆண்டை வெற்றிடமாகவே விடுங்கள். கோடு இழுத்து இணைக்க வேண்டாம். அந்த இடைவெளிதான் இந்த வரலாற்றின் உயிர்.

ஐஸ் ஹாக்கிப் போட்டிப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும். ஆகவே லீக் வெற்றிகளை 1950-51, 1953-54 என இரு ஆண்டும் சேர்த்தே குறியுங்கள். ஒற்றை ஆண்டு போட்டால் எந்தப் பருவம் என்பது குழம்பிவிடும்.