தோட்டத் திடலில் ரப்பர் பட்டையும் பழைய டயரும்: கல்லூரி விளையாட்டாளர்களுக்கான தொடக்கப் பயிற்சி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கல்லூரிக்கும் பாலிடெக்னிக்கிற்கும் போன பிள்ளைகள், வார இறுதியில் வீடு வந்தால் மாலையில் திடலில்தான் இருப்பார்கள். காற்பந்து, கபடி, வலைப்பந்து எதுவானாலும் பலரிடம் ஒரே குறையைப் பார்க்கிறேன். நேராக ஓடும்போது இருக்கும் வேகம், சட்டென நின்று திரும்பிக் கிளம்பும்போது இருப்பதில்லை. இதைத் திருத்த ஜிம் தேவையில்லை. ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனும் ரப்பர் பட்டையில் சின்ன வளையம் ஒன்று, நீளமானது ஒன்று, பழைய கார் டயர், ஐந்து மீட்டர் கயிறு, அகலமான இடுப்பு பெல்ட் போதும்.

இது அசைவைத் திருத்தும் பயிற்சி. இழுவிசை கூடி உடல் கோணலானால், அந்தக் கோணல்தான் பழகும். அதனால் எப்போதும் லேசான பட்டையில் தொடங்குங்கள்.

1. பட்டையைச் சோதியுங்கள். மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறலோ வெடிப்போ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். அறுந்து கண்ணில் அடித்தால் ஆபத்து. பல பட்டைகள் இயற்கை ரப்பர் பாலில் செய்யப்படுபவை. 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊர். நம் தாத்தா பாட்டி வெட்டிய அதே பால்தான் இது. வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும், பயிற்சி முடிந்ததும் நிழலில் வையுங்கள். ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் அது கலக்காத பட்டையாகக் கேட்டு வாங்கவேண்டும்.

2. உடலைச் சூடாக்குங்கள். பத்து நிமிடம் மெதுவோட்டம், முழங்கால் உயர்த்தி நடை, பக்கவாட்டு ஓட்டம்.

3. பக்கவாட்டு நடை. சின்ன வளையத்தை முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டி, முழங்காலை அரைவாசி மடக்கி, இடப்பக்கம் பத்து காலடி, வலப்பக்கம் பத்து காலடி. இரண்டு சுற்று. இங்கே அவசரம் வேண்டாம். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரே ஒருவர் நின்று பார்க்கட்டும். திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் முழங்கால் அப்படிச் சரிவது உள்ளிருக்கும் தசைநார் கிழிவதோடு தொடர்புடையது. பெண் விளையாட்டாளர்களுக்கு அந்தக் காயம் கூடுதலாக வருகிறது. வலைப்பந்து ஆடும் தங்கச்சிகள் இந்தப் படியைச் செய்யாமல் விடவே வேண்டாம்.

4. இணையோடு இழுவை. நீளப் பட்டையை இடுப்பில் மாட்டுங்கள், பின்னால் ஒருவர் இறுக்கிப் பிடிக்கட்டும். ஐந்து மீட்டர் வெடித்துக் கிளம்புங்கள், இரண்டே எட்டில் நில்லுங்கள், பட்டை இழுக்க இழுக்க அதற்கு இடம் கொடுக்காமல் மெல்லப் பின்னால் வாருங்கள். நிற்கக் கற்றுத்தருவது இந்தப் பின்நடைதான். பிறகு அதையே பக்கவாட்டில் செய்யுங்கள். பட்டை அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளக்கூடாது. பிடிப்பவரும் கூடவே நகரவேண்டும். தரையில் பதிக்காத கோல்கம்பத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள், சாய்ந்து விழும்.

5. டயர் இழுத்து ஓட்டம். டயரைக் கயிற்றால் பெல்ட்டில் கட்டி 20 மீட்டர். இழுக்காமல் 3.5 விநாடியில் ஓடுபவருக்கு, இழுக்கும்போது சுமார் 3.9 வரை ஆகலாம். வேகம் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையாமல் பார்க்கும் கணக்கு இது. அதைத் தாண்டினால் சிறிய டயராக மாற்றுங்கள். மழைக்குப் பிறகு ஈரப் புல்லில் அதே டயர் லேசாக வழுக்கும், எனவே அன்றைக்கு மறுபடி நேரம் பாருங்கள். நான்கு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு நிமிட ஓய்வு. மூச்சு வாங்கும்போது ஓடினால் அது வேகப் பயிற்சியே அல்ல.

6. கழற்றிவிட்டு ஆடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பட்டையும் டயரும் இல்லாமல் இரண்டு முறை ஓடுங்கள். அப்புறம் எதிரே நிற்பவர் கடைசி நொடியில் கை காட்டும் பக்கம் திரும்பி ஓடுங்கள். ஆட்டத்தில் எந்தப் பக்கம் திரும்புவதென்று எதிராளியைப் பார்த்துத்தானே முடிவெடுக்கிறோம்? அந்தப் பார்வையைப் பட்டை கற்றுத்தராது.

வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. போட்டிக்கு முந்தின நாள் வேண்டாம். வெயில் தணிந்த பிறகு ஐந்தரை மணி வாக்கில் தொடங்குங்கள். இடி கேட்டால் உடனே திடலை விட்டு வெளியேறுங்கள். கடைசிச் சுற்றிலும் முழங்கால் சாயாமல் நின்றால் மட்டும் அடுத்த தடிமன் பட்டைக்குப் போகலாம். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் ஒரே இழுவை அல்ல.