சாம்பல் பூத்த தேக்கு வேலியை மீட்பது

வெயிலில் சாம்பல் பூத்த மரத்தில் கெட்டது பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான். முதலில் தூண்களின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் அந்தத் தூணை மாற்றத்தான் வேண்டும். எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

நைலான் பிரஷ், சோப்புத் தண்ணீர் கொண்டு மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம்: உதிரும் இரும்புத் துகள் தேக்கில் கறுப்புக் கறையாகிவிடும். கறை போகாவிட்டால் லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் ஆக்சாலிக் ஆசிட் கரைத்துப் பூசி, 20 நிமிடத்தில் நன்றாகக் கழுவுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இரண்டு மூன்று நாள் காயட்டும்.

80, பிறகு 120 நம்பர் உப்புத்தாள் போதும். பாயில்டு லின்சீட் ஆயிலில் (சீக்கிரம் காயும்படி பக்குவப்படுத்திய ஆளிவிதை எண்ணெய்) பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் பூச்சு. கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.