கண் ஆய்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து இருபது வருடமாகிறது. போன வருடம் டர்பனில் ஒரு பல்கலைக்கழகக் கண் பிரிவில் நடந்த ஆய்வுக்கு (வழக்கமான கண் பரிசோதனை இல்லை, ஆட்களைச் சேர்த்து நடத்தும் ஆராய்ச்சி) அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்து அட்டையைப் படித்துவிட்டு வெளியே வந்தவர், "கடைசி வரிவரைக்கும் சொல்லிட்டேன்டா" என்றார். எப்படி என்றால், அவருக்கு முன்னால் போன இரண்டு பேர் சத்தமாகப் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்!

நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறே இதுதான், ஆய்வைப் பரீட்சை என்று நினைத்துக்கொள்வது. கண்ணைச் சுருக்கிப் படிப்பதும் இதே கதைதான். இமை இடுக்கு வழியாகப் பார்த்தால் சிதறி வரும் ஒளி குறைந்து எழுத்து தெளிவாகத் தெரியும், ஆனால் அது உங்கள் உண்மையான பார்வை இல்லை, அந்தப் பொய்யான எண்ணைத்தான் ஆய்வாளர் எழுதிக்கொள்வார்.

ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் இன்னும் வேடிக்கை. கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பெரியம்மா கொசு அடிக்கிற மாதிரி கண்ணால் பொட்டைத் துரத்தியிருக்கிறார். கண் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது, அதைக் குருட்டுப் புள்ளி என்பார்கள். கருவி அவ்வப்போது அந்த இடத்துக்கும் ஒரு பொட்டை அனுப்பிப் பார்க்கும். அதற்கும் நீங்கள் அழுத்தினால் கண் அலைகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, பொட்டு மங்கிக்கொண்டே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போகிற எல்லையைத் தேடுவதுதான் கருவியின் வேலை, அதனால் நல்ல கண்ணுக்கே பாதிப் பொட்டுகள் தெரியாது. தெரியவில்லையே என்று பயந்து குத்துமதிப்பாக அழுத்தாதீர்கள். முதல் தடவை செய்வது பெரும்பாலும் சரியாக வராது, திரும்பச் செய்யச் சொன்னால் கோபப்படவும் வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்னால் சோற்றையும் இனிப்பையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த இரத்தத்தில் பார்க்கும் எச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, தீபாவளிக்குச் சாப்பிட்ட லட்டும் அதில் இருக்கும். அதேபோல, நந்தியாவட்டைச் சாறு விட்டது, தாய்ப்பால் விட்டது, பக்கத்து வீட்டுக்காரர் தந்த மிச்சச் சொட்டு மருந்தைப் போட்டது, இதையெல்லாம் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்தச் சொட்டு ஸ்டீராய்டாக இருந்தால் கண் அழுத்தத்தையே ஏற்றிவிடும், காரணம் தெரியாமல் ஆய்வாளர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

அடுத்தது, சிலருக்கு மருந்து தந்து, சிலருக்குத் தராமல் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளில் வரும் "என்னை மருந்து தராத பக்கம் போட்டு ஏமாத்திட்டாங்க" என்ற புலம்பல். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் முடிவாகும், டாக்டருக்கே அதில் கை கிடையாது. ஏன் ஒரு பக்கத்துக்குத் தராமல் விட வேண்டும் என்று கேட்டால் ஒரு பழைய கதை சொல்கிறேன். சர்க்கரையால் கெடும் விழித்திரைக்கு லேசர் உதவுமா என்று பார்க்க அமெரிக்காவில் 1972-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் 1700-க்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர், மற்றதற்குக் கிடையாது. லேசர் போட்ட கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழே குறைந்தது தெரிந்ததும், 1976-இல் விதியை மாற்றி, தேவைப்பட்டவர்களுக்கு மற்றக் கண்ணுக்கும் சிகிச்சை தந்தார்கள். இன்றைக்குப் பெரியம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு லேசர் போடுகிறார்கள் என்றால் அன்று அந்த இன்னொரு கண்ணைச் சும்மா விட்டுப் பார்த்ததால்தான்.

ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? பெரியம்மா கடையில் பேசுகிற ஆங்கிலம் வேறு, படிவத்து ஆங்கிலம் வேறு. புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பேரப்பிள்ளைகளிடம் காட்டுகிறேன் என்று தைரியமாகச் சொல்லலாம். எடுத்த இரத்தத்தையும் படங்களையும் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், கெட்ட செய்தி ஏதாவது தெரிந்தால் நமக்குச் சொல்வார்களா, இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

கண்மணியை விரிக்கச் சொட்டு போட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளியாது, டர்பன் வெயில் வேறு கூசும், கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நடுவில் பிடிக்காவிட்டால் காரணமே சொல்லாமல் விலகலாம், அது உங்கள் உரிமை, அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் குறைக்கக் கூடாது. ஆனால் ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால், குணமாகி நின்றீர்களா, மோசமாகி நின்றீர்களா என்று தெரியாமல் மொத்தக் கணக்கே கோணிவிடும். அப்புறம், ஆய்வில்தான் கண்ணைப் பார்த்துவிட்டார்களே என்று கிளினிக் தேதியை விட்டுவிடாதீர்கள். அங்கே எடுக்கும் படம் அவர்களுடைய கேள்விக்காக எடுப்பது, உங்கள் கண்ணில் இருக்கும் மற்ற கோளாறை அதில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.